பூக்கடைப் பெட்டியில் இருந்த ஊசி

முகம் வீங்கியபோது எல்லோருமாகச் சேர்ந்து அடுப்பைத்தான் குற்றம் சொன்னோம். எங்கள் வீட்டில் கல்யாணங்களுக்குப் பட்சணம் செய்து கொடுக்கிறோம். தேன்குழல், லாடு, அப்பம், திரட்டுப்பால் எல்லாம் மடியாகச் செய்து தருவார்கள் என்பதுதான் ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு இருக்கும் பெயர். மடி என்றால் குளித்து, தனியே உலர்த்தி வைத்த துணியை உடுத்திக்கொண்டு, வெளியிலிருந்து வந்த எதையும் தொடாமல் சமைப்பது. முகூர்த்த மாதங்களில் நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால்தான் நிற்பேன். அதனால் கண்ணிமை தடித்ததையும், காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அனல்லயே நிக்கறே. ரெண்டு நாள் படுத்துண்டா வடிஞ்சுடும்" என்றார் என் மாமியார்.

படுத்துக்கொண்டேன். வடியவில்லை. மாடிப்படி நான்கு ஏறினால் மூச்சு வாங்கியது. என் கணவர் சம்பத் என்னை ஸ்கூட்டரில் உட்காரவைத்து, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் புத்தூருக்கு அழைத்துப் போனார். அங்கே தெருவுக்கு நாலு ஆஸ்பத்திரி. எங்கள் காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொள்ளும் ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து, அதற்குள் நுழைந்தோம்.

ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி ஸ்கேன் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒரு நாற்காலி, ஒரு டோக்கன். டாக்டர் சின்ன வயசுக்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ரெண்டு கிட்னியும் ரொம்ப நாளா சுருங்கிட்டு வந்திருக்குதும்மா" என்றார்.

"வலிக்கவே இல்லையே சார்."

"அதுதாம்மா இதுல பிரச்சினை. வலிக்காது."

கிரியேட்டினின் என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். உடம்பு வேலை செய்யும்போது உண்டாகும் ஒரு கழிவு அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். எனக்கு அது தள்ள ஆளில்லாமல் ரத்தத்திலேயே தேங்கிக் கிடந்தது. இனிமேல் வாரத்துக்கு மூன்று முறை ஒரு இயந்திரத்தில் என் ரத்தத்தை விட்டு, சுத்தம் செய்து, திருப்பி ஏற்ற வேண்டும். அதுதான் டயாலிசிஸ். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். வேறு கிட்னி வைக்கிற வரைக்கும் என்றார். வைக்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இயந்திரத்தில் கிடப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வலி ஊசி குத்தும்போது மட்டும்தான். அதன் பிறகு இருப்பது அலுப்பு. இடது கையில் இரண்டு குழாய். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. மூக்கு அரித்தால் வலது கை இருக்கிறது. வலது கையே அரித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். வெளியே பஸ் ஹாரன் கேட்கும், யாரோ தேங்காய் விலை பேசுவார்கள், உலகம் தன் பாட்டுக்கு நடக்கும். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எழுந்து ஓடிவிடலாம் என்று முதல் மாதம் எத்தனையோ தடவை தோன்றியது. ஓடினால் ரத்தமும் கூடவே ஓடும்.

வீட்டுக்கு வந்தாலும் விடுதலை இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான். காபி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி. ஊருக்கு இரண்டு பக்கமும் ஆறு. பாலத்தில் வரும்போது காவிரியில் தண்ணீர் போவதைப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்காமல் போனது. அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

இந்த நிலையில் என்னைத் தூக்கி நிறுத்தியவள் என் தங்கை ஜானகி. காட்டூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். என் கணவருக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் கிட்னி உதவாது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஜானகியின் ரத்த வகையும் என்னுடையதும் ஒன்று. கேட்க வாயெடுப்பதற்கு முன்பே அவளே சொன்னாள்.

"ரெண்டு இருக்கு எனக்கு. ரெண்டையும் வெச்சுண்டு நான் என்னக்கா பண்ணப்போறேன்? ஒண்ணை நீ எடுத்துக்கோ."

அவள் கணவர் ரகு ஒன்றும் சொல்லவில்லை. அவர் அம்மா அழுதார்களாம். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன துணிச்சல் என்று கேட்டார்களாம். ரகு அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததே எங்களுக்குச் செய்த பெரிய உதவி.

முதல் பரிசோதனைகளில் எல்லாம் பொருந்தியது. ஆனால் என் ரத்தத்தில் ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருந்தது. ரத்தத்தைச் சிவப்பாக வைத்திருக்கும் சத்து அது. ரத்தம் ஊறச் சொல்லி உடம்புக்கு உத்தரவு கொடுப்பதே சிறுநீரகம்தானாம். அது படுத்துவிட்டால் உத்தரவும் நின்றுவிடும். அந்த உத்தரவை ஊசியாகப் போட வேண்டும். வாரம் இரண்டு ஊசி.

"ரத்தமே ஏத்திடலாமே சார்?" என்று என் கணவர் கேட்டார்.

"அதைத்தான் தவிர்க்கணும். இன்னொருத்தர் ரத்தம் உள்ள போனா, உடம்பு அதைப் பகையாளியா நினைச்சு எதிர்ப்பை உண்டாக்கிக்கும். அப்புறம் தங்கச்சி கிட்னியை வெச்சாலும் அதையும் பகையாளின்னே நினைச்சுடலாம். அதனால ஊசியிலயே ஏத்துவோம். பத்துக்கு வந்துட்டா ஆபரேஷன் பேசலாம்."

ஆகவே எல்லாம் அந்த ஊசியில் வந்து நின்றது. அரசாங்க அட்டை இயந்திரத்துக்குப் பணம் கொடுத்தது. ஆபரேஷனுக்கும் கொடுக்கும் என்றார்கள். ஆபரேஷன் வரைக்கும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஊசியை எங்கள் ஆஸ்பத்திரியில் வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பல ஆஸ்பத்திரிகளில் இப்படித்தான் என்று பக்கத்து நாற்காலிக்காரிதான் எனக்கு விளக்கினாள். அவள் மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வருபவள்.

"கார்டு மெஷினுக்குக் காசு குடுக்குது மாமி. பஸ்ஸுக்கு யாரு குடுக்குறா? ஊசிக்கு யாரு குடுக்குறா? நான் ஒரு வாரம் ஊசி போட்டா மறு வாரம் போடறதில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பில் நான் சேர்ந்துகொள்ளவில்லை. எனக்கு அது நாளைக்கு நான் சொல்லப்போகிற வசனமாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் அந்த ஊசியின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. என் கணவர் விசாரித்து, அரசாங்க ஆதரவில் நடக்கும் மலிவு விலை மருந்துக் கடையில் அதே மருந்து பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தார். சரக்கு எப்போதாவதுதான் வரும். வந்தபோது ஒரு மாதத்துக்கானதை மொத்தமாக வாங்கிவிட வேண்டும். குளிரில் வைக்க வேண்டும் என்று சொல்லி ஐஸ் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள்.

இங்கேதான் எங்கள் வீட்டு வழக்கம் குறுக்கே வந்தது. எங்கள் ஃப்ரிட்ஜ் சமையற்கட்டில் இருக்கிறது. அதில் பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்கான பாலும் வெண்ணெயும், திரட்டுப்பாலுக்கான பாலும் இருக்கும். குளிக்காமல் யாரும் அதன் கதவைத் தொட்டதில்லை.

"மனுஷா ரத்தத்துல ஏத்தற மருந்து. ஆஸ்பத்திரிலேர்ந்து வரது. அதைப் பெருமாளுக்கு வெச்ச பாலோட எப்படி வெக்கறது? நம்பி வாங்கறவாளுக்கு என்ன பதில் சொல்றது? நீயே சொல்லு பத்மா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்னொரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. அந்தக் காசு இருந்தால் ஊசி வாங்கலாமே என்று பேச்சு முடிந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே வழக்கம்தான்.

சித்திரை வீதி முனையில் சேகர் பூக்கடை வைத்திருக்கிறான். பூ வாடாமல் இருக்க, ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் கழித்துப் போட்ட பெரிய குளிர்ப்பெட்டியை வாங்கி வைத்திருந்தான். என் கணவர் அவனிடம் கேட்டார்.

"இதுக்குப் போய் கேக்கணுமா சாமி? மாமி மருந்து, என் கடையில பத்திரமா இருக்கும். நீங்க எப்ப வேணா வந்து எடுத்துக்கங்க" என்றான். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. அதற்குப் பிறகு டயாலிசிஸ் நாட்களில் என் கணவர் ஊசியைச் சேகரிடம் வாங்கி, ஒரு பிளாஸ்கில் போட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு புத்தூர் போவார். ஊசிப் பெட்டியைத் திறந்தால் மல்லிகை வாசனை வரும். அங்கிருந்த நர்ஸ், "உங்க மருந்து மட்டும் கோயிலுக்குப் போயிட்டு வருது மாமி" என்று கிண்டல் செய்வாள். அந்த நாட்களில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ஹீமோகுளோபின் ஏறவில்லை. எட்டில் தொடங்கியது, எட்டிலேயே நின்றது, பிறகு ஏழுக்கு இறங்கியது. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"ஃப்ரிட்ஜ்லதானே வைக்கிறீங்க?"

"ஆமா சார். நல்ல குளிர்ல இருக்கு" என்றார் என் கணவர். அது பொய்யில்லை. மடி, தளிகை என்று ஒரு டாக்டரிடம் விளக்கிக்கொண்டிருக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. எனக்கும்தான்.

"அப்ப மருந்துலதான் ஏதோ இருக்கு. விலை குறைஞ்சதுல சிலது சரியா இருக்காது. பெரிய கம்பெனியோடது எழுதித் தரேன். கஷ்டம்தான், புரியுது. ஆனா ரத்தம் ஏத்துற நிலைமைக்குப் போயிடக் கூடாது."

அன்றிலிருந்து எனக்கு மருந்துக் கடைப் பலகையைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. ஏழைக்கு ஒரு மருந்து, பணக்காரனுக்கு ஒரு மருந்தா என்று ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வருவேன். விலை உயர்ந்த ஊசிக்கு என் வளையல்கள் போயின. அடுத்த மாதத்துக்கு என் மாமியார் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு மாவு சலிக்கப் போனார். அவர் கழுத்து வெறுமையாக இருந்ததை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அன்று அழுதேன்.

புதிய ஊசியும் மல்லிகை வாசனையோடுதான் வந்தது. கார்த்திகையில் ஆறுக்கு இறங்கியது.

ஒரு மாலையில் வாசற்படி இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, சுவரோடு சரிந்தேன். வார்டில் சேர்த்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன். டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று, இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"இனிமே ஊசிக்குக் காத்திருக்க முடியாதும்மா. இதயம் தாங்காது. ரத்தம் ஏத்தித்தான் ஆகணும்."

"ஜானகி கிட்னி?"

"உயிர் இருந்தாத்தானே அதைப் பத்திப் பேச முடியும்."

இரண்டு பைகள் ஏற்றினார்கள். யாருடைய ரத்தமோ, நல்லவராகத்தான் இருப்பார், காசு வாங்காமல் கொடுத்தவர். அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டியவள், ஒவ்வொரு சொட்டு இறங்கும்போதும், போகாதே, உள்ளே போகாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கையைப் பிடுங்கிக்கொள்ள முடியாது. பிடுங்கினால் செத்துப்போவேன். கிடந்தால் தங்கை கொடுக்கும் உயிரை இழப்பேன். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்து யோசித்துக் களைத்துப்போனேன். என் கணவர் ஈரத் துணியால் என் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கேட்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். கேட்காமலே செய்தார்.

அந்த வார்டு நாட்களில் மாமியார் உப்பில்லாமல் பருப்புச் சாதம் பிசைந்து, வாழை இலையில் கட்டி அனுப்புவார். கூடவே வீட்டுத் துளசி இலை ஒன்று இருக்கும். அட்டைக்கு அனுமதி வரவில்லை என்று டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஒரு முழுப் பகல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். புடவை மாற்றி, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் ஜன்னலிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மருங்காபுரிக்காரி அந்த வாரம் டயாலிசிஸுக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவள் நாற்காலியில் வேறு ஒருவரை உட்காரவைத்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. ஸ்ரீரங்கத்தில் அன்று நாங்கள் எங்கள் தெருவிலேயே கைதிகள். வீதிக்கு வீதி கம்பு கட்டிவிடுவார்கள், வண்டி நகராது. டயாலிசிஸ் ஏகாதசி பார்ப்பதில்லை, அன்றுதான் என் முறை. என் கணவருக்குக் கோயில் பிரசாத ஸ்டாலில் விடியலிலிருந்து வேலை. அதனால் ஜானகி முதல் நாளே வந்து தங்கியிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து போய், கம்பு தாண்டி ஆட்டோ பிடிப்பதாகத் திட்டம். போகிற வழியில் ஊசியை எடுத்துக்கொள்ளப் பூக்கடைக்கு முதல்முறையாக நானே போனேன்.

சேகர் கடை பூவால் நிரம்பிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் மாலை கட்டுவதை விட்டுவிட்டு எழுந்தான்.

"நீங்க ஏன் மாமி இந்தக் கூட்டத்துல? சொல்லியிருந்தா நானே வீட்டுல வந்து குடுத்திருப்பேனே."

கவிழ்த்துப் போட்ட கூடையில் என்னை உட்காரச் சொன்னான். பெட்டியின் மூடியைத் தூக்கினான். சம்பங்கிக் கட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். அடியில், பெட்டிச் சுவரை ஒட்டி, வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது. கையை அதற்குள் விட்டான். வரவில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஐஸைச் சுரண்டினான்.

"பூவை நடுவுலதான் வைப்பேன் மாமி. ஓரத்துல வெச்சா கருகிடும். மருந்துக்கு நல்ல குளிர் வேணும்னு சாமி சொன்னாங்க. அதான் இந்த ஓரத்துல, ஐஸுக்குள்ளயே சொருகி வைக்கிறது. கரண்ட் போனாலும் இந்த இடம் மட்டும் உருகாது."

ஊசிப் பெட்டியைப் பெயர்த்து எடுத்துத் தன் துண்டில் துடைத்துக் கொடுத்தான். திறந்தேன். கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது அசையவில்லை. ஜானகி என் கையிலிருந்து அட்டைப் பெட்டியை வாங்கிக் கண்ணுக்கருகில் கொண்டுபோனாள்.

"அக்கா, இதுல ஃப்ரீஸ் பண்ணாதேன்னு போட்டிருக்கு."

பூ கருகும் என்று தெரிந்த இடத்தில் என் மருந்து மாதக்கணக்கில் இருந்திருக்கிறது. மலிவு மருந்தும் அங்கேதான், வளையல் போன மருந்தும் அங்கேதான், சங்கிலி போன மருந்தும் அங்கேதான். டயாலிசிஸ் முடியும்போதுதான் ஊசி போடுவார்கள். ஒவ்வொரு முறையும் அதற்குள் உருகி, தெளிவாக, நல்ல மருந்து மாதிரியே இருந்திருக்கும்.

சேகர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏதும் தப்பா மாமி?"

ஜானகி வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன்.

"இல்லப்பா. நன்னா வெச்சிருக்கே" என்றேன்.

அவன் ஒரு முழம் கதம்பம் நறுக்கி ஜானகி கையில் கொடுத்து, "பெருமாள் பார்த்துப்பாரு" என்றான். அவனிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படிக்கும் யாருக்கும் அவன் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

டாக்டரிடம் அன்றே சொன்னோம். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒருவாட்டி உறைஞ்சு உருகினா இந்த மருந்து செத்துடும்மா. பார்த்தா ஒண்ணும் தெரியாது. குளிர்ல வைக்கணும், ஆனா உறையக் கூடாது." என் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "நான் கம்பெனியைத்தான் சந்தேகப்பட்டேன். அந்த மலிவு மருந்துல ஒரு குறையும் இருந்திருக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மாமியார் நின்றபடியே முழுவதையும் கேட்டார். பிறகு உள்ளே போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, நடுத் தட்டிலிருந்த வெண்ணெய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்தார். தட்டைத் துடைத்தார்.

"இங்க வை. பெருமாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார்.

மலிவு விலைக் கடை ஊசியைத்தான் திரும்ப வாங்கினோம். தையில் எட்டு. மாசியில் பத்து. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. நகத்தில் நிறம் வந்தது. இதைச் சொல்வது யாருக்காவது உதவட்டும்: மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டால், வெட்கப்படாமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எந்தப் பெட்டி, எந்த மூலை என்பது வரைக்கும் சொல்லுங்கள். மட்ட மருந்து என்று கடைக்காரனையும் கம்பெனியையும் வைவதற்கு நேரம் எப்போதும் இருக்கிறது. நல்ல மருந்தைக் கொன்றுவிட நம் வீட்டு அன்பே போதும்.

பத்து வந்ததும், கடைசிப் பரிசோதனைக்கு என் ரத்தத்தையும் ஜானகி ரத்தத்தையும் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். கிராஸ்மேட்ச் என்று பெயர். இரண்டையும் ஒரு குழாயில் சேர்த்து, என் ரத்தம் அவளுடையதை எதிர்க்கிறதா என்று பார்ப்பார்கள். எதிர்க்காவிட்டால் ஆபரேஷனுக்குத் தேதி.

முடிவு வந்த அன்று ஜானகி பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். டயாலிசிஸுக்கு முன்னால் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். என் ரத்தம் எதிர்த்துவிட்டது என்றார். முதலில் பார்த்தபோது இல்லாத எதிர்ப்பு, ஏற்றிய ரத்தத்தால் வந்திருக்கலாம் என்றார். ஜானகியின் கிட்னியை இப்போது வைக்க முடியாது. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் கிட்னிக்காக அரசாங்கப் பட்டியலில் பெயரைப் பதிவு செய்யலாம். அதற்கும் இந்த எதிர்ப்பு இடைஞ்சல்தான். காத்திருக்க வேண்டும், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது.

வெளியே வந்து காரிடார் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜானகி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த இரண்டு மாதமும் யார் மேல் கோபப்படுவது என்று தேடிக்கொண்டே இருந்தவள் நான். கணவர் மேல் முடியவில்லை, மாமியார் மேல் முடியவில்லை, சேகர் மேல் முடியவே முடியாது. எல்லோரும் எனக்கு நல்லதைத்தான் செய்தார்கள். ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும்.

"அழாதேடி. நீ குடுக்கறேன்னு சொன்னதே போதும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "அதுக்கு அழலக்கா. டாக்டர் முடியாதுன்னு சொன்னாரே, அப்ப எனக்கு என்ன தோணித்து தெரியுமா?"

"சொல்லு."

"அப்பாடான்னு இருந்தது. ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்தான். உன் முகத்தைப் பார்த்தேன், போயிடுத்து. அதுக்குத்தான் அழறேன்."

இதோ ஒருத்தி தானாக வந்து மாட்டினாளே என்று பார்த்தேன். அவள் மேலும் கோபம் வரவில்லை. அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான்தான்.

நர்ஸ் கதவைத் திறந்து, மெஷின் தயாராக இருக்கிறது என்று கூப்பிட்டாள். எழுந்தேன். ஜானகியும் எழுந்தாள்.

"நான் இங்கயே இருக்கேன். முடிஞ்சதும் சேர்ந்து போலாம்" என்றாள்.

"வேண்டாம். குழந்தைகள் ஸ்கூல் விட்டு வந்துடும். நீ கிளம்பு."

"நாலு மணி நேரம்தானே அக்கா."

"உன்னால போக முடியும் ஜானு. போ."

அவள் பையை எடுத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி படி இறங்கினாள். அவள் காலடிச் சத்தம் தெருவில் போய்க் கலக்கும்வரை கேட்டுவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக் கையை நீட்டினேன்.